கோஷ்டியா, அணியா: மலரில் எந்தச் சொல்லைப் போடுவது?

தடப்பள்ளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர் வாசகர் வட்டம் ஒரு மலர் கொண்டுவருகிறது. ஊர்க்காரர்களின் தேர்தல் நினைவுகள்தான் பொருள். 1989 சட்டமன்றத் தேர்தல் என் பொறுப்பில் வந்தது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்ததும் கட்சி இரண்டாகப் பிரிந்தது, தேர்தல் வந்தபோது இரட்டை இலை முடங்கியது, ஜானகி அம்மையார் பக்கத்துக்கு இரட்டைப் புறாவும் ஜெயலலிதா பக்கத்துக்குச் சேவலும் கிடைத்தன, எங்கள் தொகுதியில் சேவல் வென்றது. இவ்வளவையும் எழுதிவிட்டேன்.

எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அந்தத் தேர்தலில் சுவர் எழுதியவர் அவர். முன்னிரவில் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுவார்கள். விடிவதற்குள் அட்டையில் வெட்டிய சேவலை வைத்துச் சாயம் ஒற்றிவிட வேண்டும். கொண்டை மட்டும் அட்டையில் சரியாக விழாது. அதைத் தூரிகையால் கையில்தான் போட வேண்டும். அப்பாவுக்குக் கொண்டை போடுகிற வேலை. நான் 'ஜெயலலிதா கோஷ்டி' என்று எழுதியிருந்த இடம் வந்ததும் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். "நாங்கள் கோஷ்டி இல்லை" என்றார். அன்று அதற்குமேல் பேசவில்லை.

'அணி' என்று மாற்றிவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. அவர் வருத்தப்படுகிறார் என்பதற்காக மாற்றினேனா, இல்லை, கோஷ்டி என்று எழுதியதே பிழையா? இரண்டு சொல்லுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

இதில் குழப்பமே இல்லை, அக்கா. ஒரே கட்சிக்குள், ஒரே சின்னத்தின் கீழ் இருந்துகொண்டு பதவிக்கும் சீட்டுக்கும் மல்லுக்கட்டினால் அது கோஷ்டி. சின்னமும் பெயரும் எங்களுக்கே சொந்தம் என்று கிளம்பிவிட்டால் அணி. காங்கிரஸில் மூப்பனார் கோஷ்டி, வாழப்பாடி கோஷ்டி என்று எத்தனை ஆண்டுகள் படித்தோம்! இருவரும் கைச் சின்னத்துக்குத்தான் ஓட்டுக் கேட்டார்கள். 2017இல் ஓ.பி.எஸ். தனியே போனபோது யாரும் கோஷ்டி என்று எழுதவில்லை, அணி என்றே எழுதினார்கள். இரட்டை இலை யாருக்கு என்பதுதான் அங்கே வழக்கு. உங்கள் அப்பா சொன்னது சரி.

அச்சுமேசை எழுதியது:

நொய்யல்கரைத் தம்பி சொல்வது பாதி உண்மை. கோவையில் ஒரு நாளிதழில் பல ஆண்டுகள் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவன் என்ற முறையில் மறுபாதியைச் சொல்கிறேன்.

அணி என்பது அவர்களே சூடிக்கொள்ளும் பெயர். கோஷ்டி என்பது மற்றவர்கள் வைக்கும் பெயர். 'எங்கள் கோஷ்டி' என்று ஒரு தலைவர் பேட்டியில் சொல்லி நான் கேட்டதில்லை. 'எங்களிடம் கோஷ்டி எதுவும் கிடையாது, எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம்' என்று மறுக்கும்போதுதான் அந்தச் சொல் அவர்கள் வாயில் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செய்தித்தாளில் கோஷ்டி அரசியல் பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. திருவிழாவில் அடிதடி நடந்தால் 'கோஷ்டி மோதல்'. கல்லூரி வாசலில் கல் வீசிக்கொண்டால் 'இரு கோஷ்டிகள் மோதல்'. காவல் நிலையச் செய்தியில் நாள்தோறும் புழங்கிய சொல்லை அப்படியே தூக்கி அரசியல் செய்தியில் வைக்கும்போது, அந்தக் கல்லும் கம்பும் கூடவே வருகின்றன. உங்கள் அப்பாவின் மனத்தைக் குத்தியது அதுவாகத்தான் இருக்கும். விடிய விடியக் கொண்டை போட்டவரை அடிதடி வழக்கில் சேர்த்ததுபோல் ஆகிவிட்டது.

காரமடை எழுதியது:

இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பெருமாள் கோயிலில் கோஷ்டி என்றால் எவ்வளவு மரியாதையான சொல்! சுவாமி புறப்பாட்டில் முன்னே திவ்வியப் பிரபந்தம் ஓதுகிறவர்கள் பிரபந்த கோஷ்டி. பின்னே வருவது வேத பாராயண கோஷ்டி. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஒரே குரலில் தொடர்வார்கள். குரல் பிசகினால் பக்கத்தில் நிற்பவர் மெல்லத் தொட்டுத் திருத்துவார். தனித்துக் கேட்கும்படி பாடுவது அங்கே பிழை.

வள்ளுவரிடம் இதே சொல் 'கோட்டி' என்று இருக்கிறது. 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்' என்பது 401ஆம் குறள். கட்டம் வரையாமல் காய் உருட்டுவதுபோன்றது, படிக்காமல் அவையில் பேசுவது என்கிறார். 720இல் மறுபடியும் வருகிறது. தம் கணத்தார் அல்லாதவர் முன் கோட்டி கொள்வது சாக்கடையில் அமுதைக் கொட்டுவதைப் போன்றது. ஒரே குறளில் கணமும் கோட்டியும் சேர்ந்து வருவதைப் பாருங்கள். கணம் என்பது ஒத்த மனிதர்களின் கூட்டம். கோட்டி என்பது அவையில் நடக்கும் பேச்சு. சிவகங்கைப் பக்கத்துத் திருக்கோட்டியூரின் பெயரில் இருப்பதும் இதே கோஷ்டிதான். இரணியனை என்ன செய்வது என்று தேவர்கள் கூடிப் பேசிய இடம் என்று தலபுராணம் சொல்கிறது.

ஆகவே கோஷ்டி பிறவியிலேயே கெட்ட சொல் என்று யாரும் எழுதாதீர்கள்.

தாளவாடி எழுதியது:

எங்கள் மலையில் கன்னடச் செய்தித்தாளும் வரும், தமிழ்ச் செய்தித்தாளும் வரும். கன்னடத்தில் 'பத்ரிகாகோஷ்டி' என்றால் செய்தியாளர் சந்திப்பு. ஒரே தேநீர்க் கடைப் பெஞ்சில், ஒரு தாளில் தலைவர் கோஷ்டி நடத்தினார் என்று இருக்கும். மற்றதில் அவரே கோஷ்டி சேர்க்கிறார் என்று இருக்கும். முதலாவது பேட்டி, இரண்டாவது பூசல்.

காங்கேயம் எழுதியது:

காரமடை ஐயா இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்கலாம். வடமொழியில் 'கோஷ்டம்' என்றால் மாடுகள் நிற்கும் இடம். கோ என்றால் பசு, மற்றது நிற்பதைக் குறிக்கிறது. மாடு கட்டிய இடத்தில் மனிதர்கள் கூடி உட்கார்ந்து பேசினார்கள், பேச்சுக்கே அந்தப் பெயர் வந்தது. காங்கேயம் மாடு வளர்க்கும் எங்களுக்கு இது புரியாமல் போகாது. எங்கள் வீட்டில் பால் கறந்து முடித்தபின் கட்டுத்தரை ஓரம் உட்கார்ந்துதான் பெரியவர்கள் நிலத்து வழக்கு, கல்யாணப் பேச்சு எல்லாம் பேசுவார்கள்.

அணி தமிழ்ச் சொல். வரிசை, படை வகுப்பு, நகை எல்லாம் அதுதான். அணிவகுத்து நிற்பது என்றால் முகம் ஒரே பக்கம் பார்த்து நிற்பது. கட்டுத்தரையில் அப்படியில்லை. அங்கே ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே பார்க்கும், தீவனத் தொட்டி மட்டும் ஒன்று.

நொய்யல்கரை சொன்னதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நான்கு பங்காளிகளுக்கு ஒரு கிணறு. முறை வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். உன் முறையில் இரண்டு மணி நேரம் கூட ஓட்டினாய் என்று சண்டை வரும், பேச்சுவார்த்தை இருக்காது, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகமாட்டார். ஆனாலும் மோட்டார் பழுதானால் நால்வரும் பணம் போட்டுத்தான் தூக்குவார்கள். அது கோஷ்டி. கிணறே என் பாட்டனுடையது, உனக்கு அதில் பங்கே இல்லை என்று ஒருவன் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகிறான் பாருங்கள், அது அணி.

மலையடிவாரம் எழுதியது:

காங்கேயத்தார் நன்றாகச் சொன்னார். ஆனால் கோஷ்டி என்றால் தண்ணீர் முறைச் சண்டைதான் என்று சிறிதாக்கிவிட முடியாது. எனக்கு வயது எழுபத்தெட்டு. இருப்பது திருச்செங்கோட்டில். 1925இல் இராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கிய புதுப்பாளையம் எங்களுக்குப் பக்கம்தான். கோஷ்டிகளின் கதையைக் கேட்டே வளர்ந்தவன். அம்மணி, உங்கள் மலருக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அக்காலத் தமிழ்நாட்டுக் காங்கிரஸில் இராஜாஜி கோஷ்டி, சத்தியமூர்த்தி கோஷ்டி என்று இரண்டு. 1940இல் மாகாணக் கமிட்டித் தலைவர் தேர்தலில் சத்தியமூர்த்தியின் ஆதரவோடு காமராஜர் நின்றார். எதிரே இராஜாஜியின் ஆதரவோடு நின்றவர் நம் கோவை சி.பி. சுப்பையா. காமராஜர் மூன்றே வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த மூன்று வாக்குகளிலிருந்துதான் பின்னர் வந்த தமிழ்நாட்டு அரசியல் கிளைத்தது என்று நான் சொல்வேன்.

1942இல் கட்சியை விட்டு விலகிய இராஜாஜி 1945இல் திரும்பி வந்தபோது காமராஜர் பக்கத்தார் ஏற்கவில்லை. 1946 தொடக்கத்தில் காந்தி சென்னைக்கு வந்தார், மதுரைக்கும் பழனிக்கும் போனார். திரும்பிச் சென்றபின் 'ஹரிஜன்' இதழில் இராஜாஜியை உயர்த்தி எழுதினார். அவரை எதிர்ப்பவர்களைக் குறிக்க 'கிளிக்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டார். தங்களுக்குள் மட்டும் கூடிக்கொண்டு பிறரை உள்ளே விடாத சிறு வட்டத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அதில் இகழ்ச்சி இருக்கிறது. காமராஜர் துடித்துப்போனார். காந்தியின் பெயரைச் சொல்லிச் சிறைக்குப் போனவரை, காந்தியே அப்படி எழுதினால்? அவர் பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். ஒரே ஒரு சொல்லுக்காக நடந்த விலகல் அது. உங்கள் அப்பா தாளை வாங்கிக்கொண்டார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

இதன் பின்கதையும் முக்கியம். 1954இல் இராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது, சட்டமன்றக் கட்சித் தலைவர் போட்டியில் காமராஜருக்கு எதிராக நின்றவர் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் வென்றார். வென்றதும் அந்த இருவரையுமே தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கோஷ்டி என்றால் அதுதான், அம்மணி. தோற்றவனுக்கும் வீட்டில் இலை போடப்படும். அணி என்று ஆகிவிட்டால் அந்த இலை கிடையாது. 1969இல் காங்கிரஸ் பிளந்தபோது காமராஜர் இந்திராவை எதிர்த்த ஸ்தாபனக் காங்கிரஸிலும் சி. சுப்பிரமணியம் இந்திரா பக்கமும் போனார்கள். அதற்குப்பின் இருவருக்கும் ஒரே கட்சிக் கூரை வாய்க்கவில்லை.

வால்பாறை எழுதியது:

ஒரு சிறு திருத்தம். அணி என்றாலே பிரிந்து போனவர்கள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத்தில், பொதுவுடைமைக் கட்சிகளின் பேச்சில், 'கட்சி அணிகள்' என்றால் கீழ்மட்டத் தோழர்கள் எல்லோரும். அதில் பிரிவினை இல்லை. பிரிவினையைச் சொல்ல எங்களிடம் 'கோஷ்டிவாதம்' என்ற சொல் தனியாக இருக்கிறது. கடுமையான குற்றச்சாட்டு அது. மற்ற கட்சிகளிலும் இளைஞர் அணி, மகளிர் அணி என்றால் கட்சியின் கைகால்கள்தானே? தேர்தலில் 'மூன்றாவது அணி' என்றால் பல கட்சிகள் சேர்வது. கூட்டணி என்ற சொல்லுக்குள்ளும் அணி இருக்கிறது. ஆகவே அணி என்ற சொல்லை வைத்து மட்டும் உடைந்ததா சேர்ந்ததா என்று தீர்மானிக்க முடியாது. முன்னால் தலைவரின் பெயர் வந்தால்தான் அது உடைந்த அணி.

நொய்யல்கரை எழுதியது:

முன்னால் ஆளின் பெயரா, வேலையின் பெயரா என்று பார்த்தால் போதும் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன், தோழர். நான் இதை யோசிக்கவில்லை.

ஆனால் கோஷ்டி முற்றினால்தான் அணி என்று காங்கேயத்தார் சொல்வதுபோல் எனக்குப் படுகிறது. அதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. மூப்பனார் கோஷ்டி ஒரு நாளும் 'மூப்பனார் அணி' ஆகவில்லை. 1996இல் அ.தி.மு.க.வோடு கூட்டு வேண்டாம் என்று வெளியேறி நேரே தமிழ் மாநில காங்கிரஸ் என்று கட்சியாகிவிட்டது. கைச் சின்னத்தைக் கேட்டு நிற்காமல் சைக்கிளில் நின்றது. சட்டமன்றத்தில் 39 இடங்களை வென்றது. சேலத்து வாழப்பாடியாரும் தமிழக ராஜீவ் காங்கிரஸ் என்று தனிக்கட்சி வைத்து 1998இல் மக்களவைக்குப் போய் மத்திய அமைச்சரானார். ஈரோட்டு ஈ.வெ.கி. சம்பத் 1961இல் தி.மு.க.விலிருந்து விலகியபோதும் அப்படித்தான், உடனே தமிழ்த் தேசியக் கட்சி. கிணற்றில் பங்கு கேட்காமல் தனிக் கிணறு வெட்டியவர்கள் இவர்கள். நம் பக்கத்தில் 2009இல் தொடங்கிய கொங்குநாடு முன்னேற்றக் கழகத்திலிருந்து 2013இல் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி வந்ததும் இந்த வரிசையில்தான் சேரும்.

கோர்ட் வீதி எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துவிடுகிறேன். தேர்தல் சின்னங்கள் (ஒதுக்கீடு மற்றும் வழங்கல்) ஆணை, 1968இன் 15ஆம் பத்திதான் இதற்கு அடிப்படை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியில் போட்டிப் பிரிவுகளோ குழுக்களோ இருந்து, ஒவ்வொன்றும் 'நாமே அந்தக் கட்சி' என்று உரிமை கோரினால், எது அந்தக் கட்சி, அல்லது எதுவுமே இல்லையா என்று ஆணையம் முடிவு செய்யும். காங்கிரஸ் பிளவு வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தை உறுதிசெய்தது. கட்சி அமைப்பிலும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடையிலும் யாருக்குப் பெரும்பான்மை என்று எண்ணிப் பார்க்கும் முறையையும் ஏற்றுக்கொண்டது. அந்தச் சண்டையில்தான் இரட்டைக் காளை முடங்கி, இந்திரா பக்கம் பசுவும் கன்றும் ஆனது.

அந்த வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். 'நாமே அந்தக் கட்சி.' அணி என்ற தகுதியைக் கேட்டு யாரும் ஆணையத்துக்குப் போவதில்லை. ஒவ்வொருவரும் தம்மை முழுக் கட்சி என்று சொல்லித்தான் மனுப் போடுகிறார்கள். 2017 மார்ச்சில் இரட்டை இலையை முடக்கியபோது ஒரு பக்கத்துக்கு 'அ.இ.அ.தி.மு.க. அம்மா' என்ற பெயரும் தொப்பியும், மறுபக்கத்துக்கு 'அ.இ.அ.தி.மு.க. புரட்சித் தலைவி அம்மா' என்ற பெயரும் இரட்டை விளக்கு மின்கம்பமும் கொடுத்தார்கள். இரண்டிலும் கட்சிப் பெயர் முழுதாக நிற்கிறது. ஆகஸ்டில் எடப்பாடியாரும் ஓ.பி.எஸ்.ஸும் இணைந்தார்கள், நவம்பரில் இலை திரும்பியது.

கட்சித் தாவல் சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1985இல் வந்தபோது மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் பதவி தப்பும். 2003இல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்தால்தான் பாதுகாப்பு. பிரிந்துபோவது ஆபத்தாகிவிட்டதால் உள்ளேயே இருந்துகொண்டு முறுக்கிக்கொள்வது கூடியிருக்கிறது. சட்டமே கோஷ்டிகளை வளர்க்கிறது என்பது என் கருத்து.

அச்சுமேசை எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொன்னதைப் படித்தபின் என் பழைய கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். அணி என்பது அவர்களே சூடிக்கொள்ளும் பெயர் என்றேன். அதுவும் தவறு. அவர்கள் சூடிக்கொள்வது கட்சியின் பெயரை. அணி என்பதும் நாங்கள், செய்தித்தாள்காரர்கள், யார் பக்கமும் சாயாமல் தப்பிக்கக் கண்டுபிடித்த சொல்தான். கோஷ்டியைவிடக் கௌரவமானது என்பதால் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

தடப்பள்ளி அம்மணி, ஒன்று கேட்கிறேன். அப்பா சுட்டிய இடத்தில் அணி என்று மாற்றிவிட்டீர்கள். இரட்டைப் புறாக்காரர்களை உங்கள் கட்டுரையில் என்னவென்று எழுதியிருக்கிறீர்கள்?

தடப்பள்ளி எழுதியது:

இரண்டு நாள் தாமதத்துக்கு மன்னியுங்கள். அச்சுமேசை ஐயா கேட்டதும் தாளை எடுத்துப் பார்த்தேன். 'ஜானகி கோஷ்டி' என்று மூன்று இடத்தில் அப்படியே கிடக்கிறது. நானும் கவனிக்கவில்லை, அப்பாவும் அதைத் தாண்டித்தான் படித்திருக்கிறார்.

அப்பாவிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளே போய் ஒரு புகைப்படத்தை எடுத்துவந்தார். கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிர்ச் சுவர். சேவல் பெரிதாக, சிவப்புக் கொண்டையோடு. பக்கத்தில் கட்சிப் பெயர் ஒரு முழ உயர எழுத்தில். அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'ஜெ'. அது மட்டும் விரற்கடை அளவு. ஏன் இவ்வளவு சிறிதாக என்று கேட்டேன். "அதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. நாங்கள்தான் கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அடைப்புக்குறி எதற்கு?" என்றார். கோர்ட் வீதி ஐயா எழுதிய 15ஆம் பத்தியை அப்போதுதான் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

பிறகு அவராகவே, "தெற்கு வீதிக்காரரும் அப்படித்தானே நினைத்திருப்பார்" என்றார். தெற்கு வீதிக்காரர் அந்தத் தேர்தலில் புறா எழுதியவர். 1989 பிப்ரவரியில் இரு பக்கமும் இணைந்து இலை திரும்பியபின் இருவரும் ஒரே சுவரில் ஒன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதற்குமுன் ஓராண்டு பேச்சு இல்லையாம்.

கட்டுரையில் கோஷ்டியை மூன்று இடத்திலும் எடுத்துவிட்டேன், முன்பு மாற்றிப் போட்ட அணியையும் எடுத்துவிட்டேன். 'ஜெயலலிதா தலைமையில் நின்றவர்கள்', 'ஜானகி அம்மையார் தலைமையில் நின்றவர்கள்' என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், ஆனால் வாசிக்கத் தடையில்லை. 1940, 1954 பற்றி மலையடிவாரம் ஐயா எழுதியதை அவர் அனுமதித்தால் தனிப் பெட்டியாகச் சேர்க்க விரும்புகிறேன்; அங்கே கோஷ்டி என்ற சொல் அப்படியே இருக்கும்.

மலையடிவாரம் எழுதியது:

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மணி. சி.பி. சுப்பையாவின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோற்றவர் என்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அச்சுமேசை எழுதியது:

புறா எழுதிய சுவரின் படம் கிடைக்குமா என்று தெற்கு வீதிக்காரரிடம் கேளுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டையும் சம அளவில் போடலாம்.

தடப்பள்ளி எழுதியது:

கேட்டாயிற்று, ஐயா. அவரிடம் படம் இல்லை. ஆனால் புறா வெட்டிய அட்டை பரணில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அவரும் சேர்ந்து இறக்குகிறார்கள்.